நம் ஊர்ப் பெரியவர் மறைந்தால் என்ன எழுதுவது? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. அதில் கதாநாயகியாக நடித்த பி. கே. ரோசி, தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திருவனந்தபுரத்தில் விரட்டப்பட்டவர். பிறகு நாகர்கோவில் பக்கம் வந்து ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார் என்று பதிவுகள் சொல்கின்றன. அந்தப் படத்தை எடுத்த ஜே. சி. டேனியல் கடைசிக் காலத்தை அகஸ்தீஸ்வரத்தில் கழித்து, 1975 ஏப்ரல் 27 அன்று காலமானார். இரண்டு பேரும் ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்கள். டேனியலைப் பற்றி விடாமல் எழுதி வெளியுலகத்துக்குத் தெரிய வைத்தவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற மலையாளப் பத்திரிகையாளர். 1992இல் கேரள அரசு டேனியல் பெயரில் விருதே ஏற்படுத்தியது. நம் மண்ணில் அடங்கிய ஒருவரை வெளியூர்க்காரர் தேடி வந்து எழுத வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்கள் ஊர் வாசக சாலைக்காக நான் இருபது வருடமாக நினைவுக் குறிப்புகள் எழுதி வருகிறேன். எழுதத் தெரியாததால் தவறுகிறது என்பது குறைவு. நேரத்தில் போகாததால் தவறுகிறது என்பதுதான் அதிகம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் அதை மனதில் வைத்தே படியுங்கள்.

முதல் படி: யாரைப் பற்றி எழுதுவது

கவிமணி, கலைவாணர், ஜீவா, மார்ஷல் நேசமணி இவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நாம் எழுத வேண்டியது அடுத்த வரிசையை. மலை கிராமத்தில் முப்பது வருடம் ஓராசிரியர் பள்ளி நடத்தியவர், கோயில் கொடைதோறும் வில்லுப்பாட்டுப் பாடிய புலவர், வடசேரியில் கோயில் நகை செய்த ஆசாரி, வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, வள்ளம் கட்டிய மேஸ்திரி. "இவர் இல்லாமல் இந்த ஊரில் எது நடந்திருக்காது?" என்று கேளுங்கள். ஒரு பதிலாவது கிடைத்தால் எழுதலாம்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சுவரொட்டியில் 'இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார்' என்று போட்டுவிட்டு, அவர் செய்த வேலையை விட்டுவிடுகிறோம். ரோசிக்கு நடந்தது அதன் பெரிய வடிவம்தான்.

இரண்டாம் படி: சாவை உறுதி செய்வது

வாட்ஸாப்பில் வந்ததை வைத்து ஒரு வரி கூட எழுத வேண்டாம். உயிரோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டு, அந்த வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்து அலறியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். வீட்டாரை உடனே அழைக்காமல் பக்கத்து வீட்டுக்காரர், ஊர்த் தலைவர், பங்குப் பேரவைக்காரர், ஜமாஅத் ஆள் என்று ஒருவரிடம் முதலில் கேளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்ன பிறகு நம்பலாம்.

அன்றைக்கே போக வேண்டியது அறிவிப்பு மட்டும்: பெயர், வயது, ஊர், எப்போது காலமானார், அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு. ஐந்து வரி போதும். இந்துக்களுக்குச் சிவலோகப் பதவி, வைகுண்டப் பதவி, கிறிஸ்தவர்களுக்குக் கர்த்தருக்குள் நித்திரை, இஸ்லாமியர்களுக்கு வஃபாத் என்று அந்தந்த வீட்டில் வழங்கும் சொல்லையே அறிவிப்பில் போடுங்கள். நினைவுக் குறிப்பில் மட்டும் எல்லோருக்கும் ஒரே சொல்லாக, 'காலமானார்' அல்லது 'மறைந்தார்' என்று எழுதுவது என் வழக்கம்.

இறந்த இடத்தையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் கடைசி வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள். உயிர் அங்கே பிரிந்தால் இறப்புப் பதிவும் அங்கேதான். வெளிநாட்டில் இறந்தால் அந்த ஊர்த் தேதியையே எழுதுங்கள். எழுத்தாளர் சுந்தர ராமசாமி 2005 அக்டோபரில் மறைந்தது அமெரிக்காவில். அங்கே இரவு என்றால் இங்கே மறுநாள் ஆகிவிடும், ஒரு நாள் வித்தியாசம் இப்படித்தான் நுழைகிறது.

மூன்றாம் படி: பதினாறுக்குள் அந்த வீட்டுக்குப் போவது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கேதம் (துக்கம்) கேட்கப் போகும்போது நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்காதீர்கள். சஞ்சயனம் (எலும்பு பொறுக்கும் சடங்கு) முடிந்து, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கேட்டுக்கொண்டு போங்கள். அந்த நாட்களில் வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருப்பார்கள். மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். நாற்பதாம் நாள் வரை நிற்கும் வீடுகளில் இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு.

ஒரு முறை நான் தாமதித்தேன். மேற்கே ஒரு ஊரில் பெயர் பெற்ற வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர் மறைந்தார். மழை, வேலை என்று தள்ளிப்போட்டு இருபத்தைந்தாம் நாள் போனேன். விசேஷத்துக்கு வீட்டை ஒதுக்கும்போது அவருடைய பாட்டு நோட்டுகளை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். "சாக்கு நிறைய இருந்து மக்கா, கரையான் அரிச்சிருந்துன்னு போட்டாச்சு" என்றார் அவர் மனைவி. அவரிடம் எதைச் சொல்ல? மிஞ்சியது ஒரே ஒரு நோட்டு, அரிசி டிரம்முக்கு அண்டை கொடுத்திருந்தது. ஈரத்தில் ஊதிப்போன அதன் பக்கங்களில் பாட்டு வரிகளுக்கு நடுவே, கொடை நடந்த ஊர், எத்தனை நாள், கிடைத்த ரூபாய், தேங்காய், பழக்குலை, எந்த ஊரில் யார் குடம் அடித்தது என்று பென்சிலால் குறித்திருந்தார். ஒரு இடத்தில், "குடத்துக்காரனுக்குக் காய்ச்சல், நானே அனுப்பி வைத்தேன், பங்கு கொடுத்தாச்சு" என்று இருந்தது. நான் எழுதிய நினைவுக் குறிப்பின் முதல் பத்தி அந்த ஒரு வரிதான். சாக்கு நிறைய அப்படி எத்தனை வரிகள் போயிருக்கும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

டேனியல் எடுத்த படத்தின் சுருளும் வீட்டிலேயே எரிந்து போனதுதான். ஆகவே போனதும் முதல் வேண்டுகோளாக, "எதையும் கொஞ்ச நாள் வெளியே போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

என்ன கேட்பது? "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் "நல்ல மனுஷன்" என்பதோடு நின்றுவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? எந்த டீக்கடை? யாரோடு பேசாமல் இருந்தார்? சம்பளம் வாங்கியதும் முதல் செலவு எது? கையெழுத்து எப்படி இருக்கும்? கோபம் வந்தால் என்ன வார்த்தை? ஒரு பாட்டியம்மாள் இப்படிப்பட்ட கேள்விக்குத்தான், "அவரு ஒரு நாளும் வெத்தலைக்குக் கடன் வச்சதில்ல, ஆனா புஸ்தகத்துக்கு ஊரெல்லாம் கடன்" என்றார். ஒரு வாழ்க்கையே அதில் இருக்கிறது.

வீட்டாரோடு நிறுத்திவிடக் கூடாது. உடன் வேலை பார்த்தவர் ஒருவர், அவரிடம் படித்தவர் அல்லது வேலை கற்றவர் ஒருவர், கருத்து வேறுபாடு கொண்டவர் ஒருவர், ஆக மூன்று பேர்.

நான்காம் படி: தேதியைச் சரிபார்ப்பது

நம் மாவட்டத்தில் இது தனிக் கலை. 1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பழைய ஜாதகம், ஆதாரம் (நிலப் பத்திரம்), கல்வெட்டு எல்லாம் கொல்லம் ஆண்டில் இருக்கும். மலையாள வருஷம் என்று பெரியவர்கள் சொல்வதும் அதையே. ஆண்டுப் பிறப்பு சிங்கம் 1, நம் ஆவணி, ஆகஸ்ட் நடுவில் வரும். கணக்கு எளிது: ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்குக் கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உள்ள தேதிக்கு 825.

சரி பார்க்க ஒரு அளவுகோல் சொல்கிறேன். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1112 துலாம் 27. துலாம் நம் ஐப்பசி, ஆகவே 824 கூட்ட வேண்டும். 1936, நவம்பர் 12. கணக்கு பொருந்துகிறது. பெரியவர்கள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்களே, அது 1099 கர்க்கடகம், அதாவது ஆடி. இதற்கு 825. 1924 ஜூலை.

மாதப் பெயர்களில் குழம்பக் கூடாது. கன்னி புரட்டாசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி. தமிழ் மாதமும் மலையாள மாதமும் சில நேரம் ஒரு நாள் முன்பின் பிறக்கும். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தையை ஜாதகம் முந்தைய நாள் கணக்கில் வைக்கும். அதனால் ஒரு நாள் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம், பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒரு தலைமையாசிரியர் வீட்டில் நடந்தது: சுவரொட்டியில் தோற்றம் 1.6.1932 என்று அடித்திருந்தார்கள். தகரப் பெட்டியிலிருந்த ஜாதகத்தில் 1108 மீனம் 14. மீனம் என்றால் 825 கூட்ட வேண்டும். 1933 மார்ச் 27 வாக்கில். இரண்டில் எது சரி? ஜூன் 1 என்ற தேதியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்தான். பள்ளியில் சேர்க்கும்போது வயது காணாது என்று வாத்தியாரே போட்டுக்கொண்ட தேதி அது, அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே அல்லது ஜூனில்தான் பிறந்த நாள். குறிப்பில் ஜாதகத் தேதியை எழுதி, பள்ளிச் சான்றிதழில் இப்படி இருக்கிறது என்று ஒரு வரியும் சேர்த்தேன். இரண்டையும் எழுதுவதில் தப்பே இல்லை. டேனியலின் பிறந்த ஆண்டே 1893 என்றும் 1900 என்றும் இரண்டு விதமாக இருக்கிறது. 'விகதகுமாரன்' வெளிவந்தது 1928 என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். 1930 அக்டோபர் என்று காட்டும் பழைய நோட்டீஸ் பிறகுதான் வெளியே வந்தது.

எந்தக் காகிதமும் இல்லையா? ஊர் நினைவை வைத்துப் பிடிக்கலாம். "பேச்சிப்பாறை அணைக்கு முன்னாலா பின்னாலா?" (1906), "கோயில் எல்லோருக்கும் திறந்தபோது எத்தனை வயது?" (1936), "புதுக்கடையில் வெடி வைத்தபோது எங்கே இருந்தார்?" (தமிழகத்தோடு இணையப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டது, 1954 ஆகஸ்ட் 11), "நாகர்கோவிலுக்கு ரயில் வந்த வருஷம் வேலையில் இருந்தாரா?" (1979). இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஆண்டு ஓரளவு கைக்கு வந்துவிடும்.

இறப்புத் தேதிக்கு இறப்புச் சான்றிதழ்தான் சாட்சி. 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், ஆகவே நீங்கள் போகும்போது பெரும்பாலும் வீட்டில் இருக்கும். திவசத்தைத் திதி பார்த்துச் செய்வதால் வருடாவருடம் நாள் மாறும். அதைக் கேட்டு மட்டும் எழுதினால் தேதி தப்பிவிடும்.

கடற்கரை ஊர்களில் இன்னொன்று உண்டு. 2017 நவம்பர் 29 இரவு ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களில் பலர் உடலாகக்கூடத் திரும்பவில்லை. அவர்களுக்கு எந்த நாளை மறைந்த நாள் என்பது? கடலுக்குப் போன நாளை எழுதுங்கள், எந்தத் துறையிலிருந்து, எந்தப் படகில், உடன் யார் என்று எழுதுங்கள். 'கடலிலிருந்து திரும்பவில்லை' என்பதே போதும். அந்த வீட்டில் இன்னும் காத்திருப்பவர் ஒருவர் இருந்தால், 'காலமானார்' என்ற சொல்லை அவரிடம் கேட்காமல் போட நமக்கு உரிமை இல்லை.

ஐந்தாம் படி: பெயரும் ஊரும்

ஒவ்வொரு தலைப்பெழுத்துக்கும் விரிவு கேளுங்கள். இங்கே தலைப்பெழுத்து என்றால் அப்பா பெயர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பெயராக இருக்கலாம், வீட்டுப் பெயராக இருக்கலாம். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடம் மருமக்கள் வழி 1926இல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னால் பிறந்தவர்களின் குடும்பத்தில் சொத்தும் பொறுப்பும் தாய்மாமன் வழியாக வந்தவை. காரணவர் (குடும்பத் தலைவரான தாய்மாமன்) யார் என்று கேட்காமல் அந்தக் குடும்பக் கதை விளங்காது. கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பாடியதே இந்த வழக்கத்தின் கொடுமையைத்தான்.

சாதிப் பின்னொட்டு பற்றிக் கேட்கிறார்கள். அவரே எப்படிக் கையெழுத்துப் போட்டாரோ அப்படியே எழுதுங்கள். அவர் விட்டதை நாம் ஒட்டவும் வேண்டாம், அவர் வைத்திருந்ததை வெட்டவும் வேண்டாம். ஜீவாவுக்கு வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. இப்படிப் பெயர் மாறியிருந்தால் இரண்டையும் குறியுங்கள், எப்போது மாறியது என்பதோடு.

ஊர்ப் பெயரில் காலம் பிசகக் கூடாது. '1920இல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தார்' என்பது தவறு, அப்போது இரண்டுமே இல்லை. 'திருவிதாங்கூரின் தோவாளை வட்டம்' என்று எழுதுங்கள். நாகர்கோவில் 2019இல்தான் மாநகராட்சி. அதற்கு முன் சேவை செய்தவரை 'மாநகராட்சி உறுப்பினர்' ஆக்கிவிடாதீர்கள்.

ஆறாம் படி: காகிதங்கள்

தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் இருக்கும். பாதிரியாரிடம் முறையாகக் கேட்டால் பார்க்க விடுவார்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை வீட்டார் வழியாகக் கேளுங்கள். மலையாளத்தில் எழுதிய ஆதாரத்தைப் படிக்கப் பழைய ஆதார எழுத்தர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வையுங்கள், அந்தத் தலைமுறையும் குறைந்து வருகிறது. கல்லறைக் கல்லை அப்படியே நம்ப வேண்டாம், கல் வெட்டுகிறவர் துண்டுச் சீட்டைப் பார்த்து வெட்டுகிறார். பத்திரிகைத் துண்டு வெட்டி வைத்திருந்தால் நல்லது, ஆனால் வெட்டியவர் தேதியை வெட்டி விட்டிருப்பார். நீங்கள் வெட்டும்போது ஓரத்தில் தேதியும் பத்திரிகைப் பெயரும் எழுதிவிடுங்கள்.

படங்களைச் செல்பேசியிலேயே எடுக்கலாம். ஃப்ரேமைக் கழற்றி, வெயில் நேராகப் படாத வராந்தாவில் வைத்து எடுத்தால் கண்ணாடி மின்னாது. பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். படத்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகவே வேண்டாம்.

ஏழாம் படி: எழுதுவது

'பிரபல சமூக சேவகரும் பண்பாளரும் அனைவரிடமும் அன்பாகப் பழகக்கூடியவருமான இன்னார் இயற்கை எய்தினார்.' இந்த வரியை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: 'தோவாளைப் பூச்சந்தையில் நாற்பது வருடம் பூ எடை போட்ட இன்னாருக்குத் தராசே வேண்டாம், கையில் அள்ளினால் கால் கிலோ சரியாக இருக்கும் என்பார்கள்.' ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா? அடுத்த வரியில் எப்போது, எந்த வயதில் மறைந்தார் என்று சொல்லிவிடலாம்.

பிறகு வாழ்க்கையை வரிசையாகச் சொல்லுங்கள், ஆனால் எல்லா வருடத்துக்கும் சம இடம் கொடுக்க வேண்டாம். வகித்த பதவிகளை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அவர் செய்த ஒரு காரியத்தில் நில்லுங்கள். ஒழுகினசேரிக்காரரான என். எஸ். கிருஷ்ணன் நடித்த படங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். காந்தி மறைந்த பிறகு நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தன் கைக்காசில் நினைவுத்தூண் எழுப்பினார் என்பதை ஊர்க்காரர்கள்தான் எழுத வேண்டும். அவர் 1957 ஆகஸ்ட் 30 அன்றும் ஜீவா 1963 ஜனவரி 18 அன்றும் மறைந்தது சென்னையில். வடக்கே போய்ப் பெயர் வாங்கியவர்களின் வாழ்க்கையில் பாதியை அங்குள்ளவர்கள் எழுதிவிடுவார்கள், ஜீவாவின் பூதப்பாண்டி போன்ற சொந்த ஊர்களில் கழிந்த பாதியை நாம் கொடுக்க வேண்டும். ஜீவா மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய அஞ்சலிக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஜீவாவின் மேடைப் பேச்சைக் கேட்டே இராதவனுக்கும் அது கேட்கும்.

குறைகளை எழுதலாமா? பொது வாழ்க்கையைப் பாதித்ததை எழுதலாம், நிதானமாக. தேர்தலில் தோற்றது, சங்கம் உடைந்தது, நடத்திய பள்ளி மூடியது இவையெல்லாம் வாழ்க்கையின் பகுதி. குடும்பச் சண்டை, சொத்து வழக்கு, நோயின் விவரம் நமக்கு வேண்டாம். தற்கொலை என்றால் எப்படி என்பதை எழுதவே கூடாது.

அறுநூறு சொல்லுக்குள் முடியுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எந்த அடைமொழியைச் சொல்ல நாக்கு கூசுகிறதோ அதை எடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: வீட்டாரிடம் காட்டுவது

தேதி, பெயர், உறவு, இந்த மூன்றையும் சரிபார்க்கச் சொல்லி அச்சுக்கு முன் ஒரு பிரதி கொடுங்கள். விட்டுப்போன பேரன் பெயரைச் சேர்க்கச் சொன்னால் சேருங்கள். நடந்ததை மாற்றச் சொன்னால், யார் சொன்ன செய்தி என்று விளக்கிப் பொறுமையாகப் பேசுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பது

கணினியில் மட்டும் வைத்தால் போதாது. நல்ல தாளில் நான்கு பிரதி எடுத்து ஒன்றை வீட்டுக்கு, ஒன்றை அவர் சார்ந்த பள்ளிக்கோ கோயிலுக்கோ சபைக்கோ, ஒன்றை ஊர் நூலகத்துக்கு, ஒன்றை உங்களுக்கு என்று வையுங்கள். யார் எழுதியது, யார் யாரிடம் கேட்டது, எந்தத் தேதியில் என்பதைக் கடைசியில் குறித்துவிடுங்கள்.

நான் ஒரு நீளமான கணக்கு நோட்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஜூன் 1 நேசமணி, செப்டம்பர் 26 கவிமணி என்று பெரிய பெயர்களும், அதே பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்த பழைய தபால்காரர் பெயரும் இருக்கும். அந்தந்த மாதம் வாசக சாலைப் பலகையில் எழுதிப் போடுகிறோம்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். எண்பது வயது தாண்டியவர்கள், பதினேழு பேர். மாதம் ஒருவரைப் போய்ப் பார்த்து, மேலே சொன்ன கேள்விகளை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமை நெய்யூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவரைப் பார்க்க வேண்டும். மதியம் தூங்குவார் என்று மருமகள் சொல்லியிருக்கிறார், காலை பத்து மணிக்கு முன்னால் போய்விட வேண்டும்.